கைகள் மெதுவான வசந்தம்

பாப்லார் மரங்கள் பஞ்சு பறக்கவிடும் ஜூன் முதல் வாரத்தில்தான் பெகிமாய் அதைக் கவனித்தாள். தையல்கூடத்தில் எல்லாரும் மெதுவாகப் பேச ஆரம்பித்திருந்தார்கள்.

மெதுவாக என்றால் குரலைத் தாழ்த்தி அல்ல. அந்தக் கூடத்தில் குரலுக்கே வேலை கிடையாது. பெகிமாயையும் சேர்த்துத் தையல்காரிகள் ஏழு பேரும் காது கேளாதவர்கள், கைகளால் பேசுகிறவர்கள். பிஷ்கெக் நகரத்தின் ஓரத்தில், செங்கல் பூசாமல் நிற்கும் புது வீடுகளுக்கு நடுவே, ஒரு வீட்டின் நிலவறையை வாடகைக்குப் பிடித்து ஆறு வருஷமாகத் தைத்துக்கொண்டிருந்தார்கள். ஜன்னல் தெருமட்டத்தில் இருந்ததால் போகிறவர் வருகிறவரின் கால்கள் மட்டும் தெரியும். ஒருத்தியைக் கூப்பிட வேண்டுமானால் விளக்கை இரண்டு தடவை அணைத்துப் போடுவார்கள். மற்றபடி உலகத்தில் உள்ள எந்தத் தையல்கூடத்தையும் போல அங்கேயும் ஓயாத பேச்சுதான். பாத்மா ஒருத்தி போதும். ஒரு கையால் துணியைத் தள்ளிக்கொண்டே மறு கையால் ஊர் வம்பு முழுவதையும் பேசி முடித்துவிடுவாள்.

அந்தப் பாத்மாவே அன்று காலை, தேநீர் ஆறிவிட்டது என்று சொல்ல வந்தவள், 'தேநீர்' என்று காட்டிவிட்டுக் கையை அந்தரத்தில் அப்படியே நிறுத்தினாள். ஒன்று, இரண்டு, மூன்று எண்ணுகிற நேரம் காத்திருந்தாள். பிறகுதான் 'ஆறிப்போச்சு' என்றாள். எதிரே நின்றவளும் அதே மாதிரி காத்திருந்து தலையாட்டினாள். இரண்டு பேருக்கும் நடுவே ஒரு முழம்கூட இல்லை. ஜன்னல் இடுக்கு வழியே நுழைந்த பஞ்சு விழலாமா வேண்டாமா என்று யோசித்தபடி மிதந்தது. அவர்களுடைய கைகளும் அதே வேகத்தில் மிதந்தன. பெகிமாய்க்குத் தான் இன்னும் விழிக்கவில்லையோ என்று ஒரு கணம் சந்தேகமாக இருந்தது.

எல்லாம் அந்தத் தொலைபேசி செய்த வேலை. மார்ச் மாதம் கம்பெனிக்காரன் 'தாராளத் திட்டம்' என்று ஒன்று கொண்டுவந்தான். பேசுவது இலவசம், குரல்செய்தி இலவசம், அவனுடைய சொந்த இணையச் சந்தைப் பக்கமும் பாட்டுகளும் இலவசம். அந்தத் தாராளத்துக்கு ஈடாக மற்றதெல்லாம், முக்கியமாக வீடியோ, ஆமை வேகத்துக்கு இறக்கப்பட்டது. வேகமாக வேண்டுமென்றால் தனிக் கட்டணம், அதுவும் ஒரு தையல்காரியின் வாரக் கூலி அளவுக்கு. அந்த வட்டாரத்தில் இருந்தது அவனுடைய கோபுரம் ஒன்றுதான். மூன்று மாதம் சோதனையாகப் பார்ப்பது, பிறகு அரசாங்கம் சரி என்றால் நிரந்தரமாக்குவது என்று ஏற்பாடு.

தெருவே கொண்டாடியது, அதை மறைப்பானேன். மேல்வீட்டில் சம்சா சுட்டு விற்கிற சபீரா, மாஸ்கோவில் இருக்கும் மகனுடன் மாவு பிசைந்துகொண்டே பேசினாள், அடுப்பு பற்றவைத்துக்கொண்டே பேசினாள். யாராவது அந்தக் கம்பெனியைக் குறை சொன்னால் கரண்டியோடு வருவாள். அவள் சந்தோஷத்தில் பொய் இல்லை. ஆனால் கீழே இருக்கிற ஏழு பேருக்கும் பேச்சு என்பதே வீடியோதான் என்பது திட்டம் போட்டவர்கள் யாருக்கும் தோன்றவில்லை.

கை ஒன்றைச் சொல்லத் தொடங்கும், திரையில் உறைந்து நிற்கும், பிறகு நடுவில் நாலு சொல்லை விழுங்கிவிட்டு வேறு எங்கோ தோன்றும். அதனால் அவர்கள் ஒரு தந்திரம் கற்றார்கள். ஒரு சொல்லைக் காட்டு, பிடித்துக்கொண்டே இரு, படம் போய்ச் சேரட்டும், பிறகு அடுத்தது. சின்னச் சொற்களை விட்டுவிடு. கிண்டலை விட்டுவிடு, அது வேகம் இல்லாமல் செத்துப்போகும். கம்பெனியின் சந்தைப் பக்கம் வழியே புகைப்படம் அனுப்புவது இலவசம் என்று தெரிந்ததும் பாத்மா ஒரு வாக்கியத்தை ஆறு புகைப்படமாக எடுத்துத் தன் அக்காவுக்கு அனுப்பிப் பார்த்தாள். அக்கா அதைக் கடைசியிலிருந்து பார்த்துவிட்டு, யார் செத்தது என்று பதறிப்போய் நேரில் வந்து நின்றாள்.

சிரிக்கலாம்தான். ஆனால் பெகிமாய்க்குச் சிரிக்க முடியாத விஷயம் ஒன்று இருந்தது. ரௌஷான்.

ரௌஷான் எல்லைக்கு அந்தப் பக்கம், அடுத்த நாட்டில் இருக்கும் அல்மாத்தியில் பெண்களுக்கான மேல்கோட்டு விற்கிறவள். அவளுக்கும் காது கேளாது. இந்தக் கூடம் தைப்பதில் முக்கால் பங்கு அவள் கடைக்குத்தான் போனது. காது கேட்கிறவர்களின் பெரிய தையல்சாலைகள் எத்தனையோ இருக்க, இந்த ஏழு பேரை அவள் தேடிப் பிடித்ததற்கு ஒரே காரணம், இவர்களோடு நடுவில் யாரும் இல்லாமல் பேசலாம் என்பதுதான். காலர் எங்கே இழுக்கிறது, உள்துணி எங்கே சுருங்குகிறது என்று கோட்டைத் திரை முன்னால் பிடித்துக் காட்டுவாள். பெகிமாய் அங்கேயே பிரித்து ஊசி குத்திக் காட்டுவாள். இதையெல்லாம் எழுதி அனுப்ப முடியாதா என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு கோட்டின் தோள் எப்படி விழ வேண்டும் என்று எழுதிப் பார்த்தால்தான் தெரியும். வேலைப் பேச்சு கால் மணி என்றால் மீதி முக்கால் மணி ரௌஷானின் கதைகள். தன் கணவனைப் போல நடித்துக் காட்டுவாள், எல்லைச் சுங்க அதிகாரியைப் போல நடித்துக் காட்டுவாள். ஏழு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொள்வார்கள்.

அந்த ரௌஷானோடு பேச இப்போது தாலாய் வேண்டியிருந்தது.

தாலாய் பெகிமாயின் சித்தி மகன். காது கேட்கும். சித்திக்குக் கேளாது, அதனால் அவன் வாய்ப்பேச்சு வருவதற்கு முன்னாலேயே கைப்பேச்சு பழகியவன். சித்தி போய்ச் சேர்ந்து நாலு வருஷமாகிறது. கூடத்தில் அவனுக்கு வைத்திருந்த பெயர், காதுமடலை லேசாக இழுத்துக் காட்டுவது. சந்தையில் அங்கே இங்கே தரகு பார்த்துக்கொண்டிருந்தவன், வீடியோ படுத்த பிறகு தானாகவே வந்து உதவினான். அந்தப் பக்கம் ரௌஷானின் கடைப்பையன், இந்தப் பக்கம் தாலாய். கேளாத இரண்டு பெண்களுக்கு நடுவே கேட்கிற இரண்டு வாய்கள் இலவசமாகப் பேசிக்கொண்டன. முதல் மாதம் சும்மா செய்தான். இரண்டாவது மாதம் கூச்சத்தோடு தலையைச் சொறிந்து, ஆர்டர் பணத்தில் நூற்றுக்குப் பத்து என்றான்.

"வாய் வாடகையா?" என்று பாத்மா கேட்டாள். "மாவாட்டற மெஷினுக்குக்கூட இவ்வளவு வாடகை இல்லையே."

அவன் சிரித்தான். நல்ல பையன்தான், அதைச் சொல்லியாக வேண்டும். ஆனால் அந்தப் பத்து, ஏழு பேருடைய ரொட்டியிலிருந்து போனது. அதைவிட மோசம், அவன் கொண்டுவந்த ரௌஷான் வேறு ஆளாக இருந்தாள். 'சரி' என்றாளாம். 'வேண்டாம்' என்றாளாம். 'சீக்கிரம்' என்றாளாம். கதை இல்லை, நடிப்பு இல்லை. ரௌஷானுக்குத் தங்கள் மேல் மனசு விட்டுப்போய்விட்டது என்று பெகிமாய் முடிவுகட்டிக்கொண்டாள். அது பத்து சதவீதத்தைவிட அதிகமாக வலித்தது. மே மாதக் கடைசியில் அவன் வந்து, கையிலிருக்கும் இந்தக் கோட்டு ஆர்டரோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று ரௌஷான் சொன்னதாகச் சொன்னபோது அவளுக்கு ஆச்சரியம்கூட வரவில்லை. ரௌஷான் போனால் வாடகை போகும், வாடகை போனால் கூடம் போகும். ஏழு பேரும் பழையபடி பெரிய தையல்சாலையின் மூலையில், யார் என்ன திட்டுகிறார்கள் என்றே தெரியாமல் குனிந்து உட்கார வேண்டியதுதான்.

அந்த நாட்களில் அவளுக்கு ஒரே கனவு திரும்பத் திரும்ப வந்தது. ஊரே பஞ்சுக்குள் நின்றுகொண்டிருக்கிறது. ரொட்டி வாங்குகிறவன் காசை நீட்டியபடி நிற்கிறான். குதிரை ஒரு காலைத் தூக்கியபடி நிற்கிறது. எதிரே ரௌஷான், சிரிப்புக்கு முந்தின முகத்தோடு, கையை உயர்த்தியபடி நிற்கிறாள். அந்தக் கை என்ன சொல்ல வருகிறது என்று பெகிமாய் காத்திருக்கிறாள். பயமாக இல்லை. இதமாகக்கூட இருக்கிறது. அப்படி இதமாக இருப்பதுதான் விழித்த பிறகு அவளைக் கலக்கியது.

பேருந்து நிறுத்தத்தில் ஒட்டியிருந்த அறிவிப்பைப் படம் பிடித்து வந்தவள் பாத்மா. தாராளத் திட்டத்தை நிரந்தரமாக்குவது பற்றிப் பொதுமக்கள் கருத்துச் சொல்லலாம், வியாழக்கிழமை, அடையாள அட்டை கொண்டு வரவும். பெகிமாய் போவது என்று அரை நிமிஷத்தில் முடிவானது. அவளுடைய பேச்சைக் குரலாக்குவது யார் என்பதுதான் பிரச்சினை. ஊரில் இருந்த ஒரே அரசாங்க மொழிபெயர்ப்பாளருக்கு அன்று நீதிமன்றத்தில் வேலை. மிஞ்சியது காதுமடல்தான்.

தாலாய் உடனே ஒத்துக்கொண்டான். இதற்குக் காசு வேண்டாம் என்றும் சொன்னான். என்ன பேசப் போகிறீர்கள் என்று அவன் கேட்டதற்கு, அங்கே வந்து தெரிந்துகொள் என்று பெகிமாய் சொல்லிவிட்டாள்.

கூட்டம் நடந்த மண்டபம் உயரமானது. ஜன்னல்கள் திறந்திருந்ததால் பஞ்சு உள்ளேயும் வந்து, மேஜைமேல், தண்ணீர் ஜாடிமேல், கூட்டத்தை நடத்திய தலைவியின் சாம்பல் நிறச் சால்வைமேல் உட்கார்ந்தது. முதலில் கம்பெனியின் ஆள் பேசினான். இளைஞன், மரியாதையான முகம். திரையில் ஒரு வரைபடத்தின் கோடு ஏறிக்கொண்டே போனது. தாலாய் ஓரமாக நின்று எல்லாவற்றையும் கைக்கு மாற்றினான். ஏழைகளின் தொலைபேசிச் செலவு குறைந்திருக்கிறது, சின்ன வியாபாரிகள் பிழைத்திருக்கிறார்கள், வீடியோ என்பது பெரும்பாலும் சினிமாவும் விளையாட்டும்தான். பெகிமாய் சபீராவை நினைத்துக்கொண்டாள். அந்தக் கோட்டில் எங்கேயோ சபீராவும் இருக்கிறாள், அது பொய் இல்லை. கடைசியில் அவன் சொன்னதை மாற்றும்போது தாலாயின் கை சற்றுத் தயங்கியது.

"இந்த நாட்டுல பேசறதுக்கு ஒருத்தரும் ஒரு காசு கொடுக்க வேண்டியதில்லைன்னு சொல்றார்."

பெகிமாயை அழைத்தார்கள். எழுந்து நின்றாள். வேகமாக, கோபமாகப் பேச வேண்டும் என்றுதான் வந்திருந்தாள். ஆனால் அத்தனை கண்கள் முன்னால் கைகள் மூன்று மாதப் பழக்கத்துக்குப் போய்விட்டன. ஒரு சொல், நிறுத்தம். ஒரு சொல், நிறுத்தம். தலைவி கைக்கடிகாரத்தைப் பார்த்து ஏதோ சொன்னாள்.

"கொஞ்சம் சீக்கிரம் சொல்ல முடியுமான்னு கேக்கறாங்கக்கா."

"இது இவங்க எங்களுக்குக் கொடுத்த வேகம்னு சொல்லு," என்றாள் பெகிமாய்.

அவன் சொன்னான். தலைவி கடிகாரத்தைச் சால்வைக்குள் மறைத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு பெகிமாய் அவசரப்படவில்லை. தாங்கள் யார், யாருக்குத் தைக்கிறார்கள், கோட்டின் தோளை ஏன் காட்டித்தான் பேச முடியும் என்பதைச் சொன்னாள். குரல் இலவசம் என்பது தங்களுக்கு மூடின கடையின் வாசலில் நிற்பது மாதிரி என்றாள். பிறகு சொன்னாள்:

"இப்ப எங்க வியாபாரத்தை நாங்க பேசறதில்ல. ஒரு ஆள் பேசறார். நூத்துக்குப் பத்து எடுத்துக்கறார். இந்தத் திட்டத்துக்கு முன்னாடி அவர் எங்களுக்குத் தேவைப்படல."

யார் அந்த ஆள் என்று தலைவி கேட்டதாகத் தாலாய் காட்டினான். அவன் முகம் வெளுத்திருந்தது. இந்த இடத்துக்கு வந்து சேர்வோம் என்று பெகிமாய்க்கு நாலு நாளாகவே தெரியும். சொல்லாமல் விட்டுவிடலாம் என்றும் நினைத்திருக்கிறாள். அவன் சித்தி மகன். ஆனால் அந்தப் பத்துக்கு ஒரு முகம் இல்லாவிட்டால், ஏறிக்கொண்டே போகிற அந்தக் கோட்டின் முன்னால் அது வெறும் எண்.

"இதோ, என் பேச்சை இப்ப உங்களுக்குச் சொல்லிட்டிருக்கிற இவர்தான்."

கடைசியில் தன் காதுமடலைப் பிடித்து இழுத்துக் காட்டினாள். தாலாயின் பெயர்.

அவன் வாய் அசையவில்லை. அவன் அதை விழுங்கிவிட்டு, யாரோ ஒரு தரகர் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தால் அந்த மண்டபத்தில் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. பெகிமாய்க்குமே தெரிந்திருக்காது. அவளிடம் இருந்தது மூன்று மாதமாகக் கற்ற ஒரே ஒரு வித்தை. படம் போய்ச் சேருகிற வரைக்கும் கையைப் பிடித்துக்கொண்டே நிற்பது. காதுமடலைப் பிடித்தபடி நின்றாள். ஒன்று. இரண்டு. மூன்று. பஞ்சு ஒன்று அவள் முன்கையில் வந்து உட்கார்ந்தது. நாலு. ஐந்து.

தாலாயின் உதடுகள் அசைந்தன.

அதுவரை பெகிமாயையே பார்த்துக்கொண்டிருந்த தலைவியின் கண்கள் மெல்லத் திரும்பி அவன்மேல் நின்றன. குறிப்பெடுத்துக்கொண்டிருந்தவள் பேனாவை நிறுத்தி அவனைப் பார்த்தாள். கம்பெனி இளைஞனும் பார்த்தான். பெகிமாய் கையை இறக்கினாள். போய்ச் சேர்ந்துவிட்டது.

"என் பங்குக்கு நானும் ஒண்ணு சொல்லிக்கட்டுமா?" என்று தாலாய் அவளிடம் கேட்டான். கண் கலங்கியிருந்தது.

"உன் முறை வரும்போது சொல்லு. இப்ப என் முறை."

அவன் தலையாட்டிவிட்டு, அவள் மிச்சம் சொன்னதையெல்லாம் ஒன்று விடாமல் சொல்லி முடித்தான்.

முடிவைப் பதினைந்து நாளில் எழுத்தில் தருவார்களாம். தலைவியின் முகத்திலிருந்து ஒன்றும் படிக்க முடியவில்லை. முகம் படித்தே வளர்ந்த பெகிமாய்க்கே முடியவில்லை என்றால் அது நல்ல பூட்டுப் போட்ட முகமாகத்தான் இருக்க வேண்டும்.

வெளியே வெயிலில் மின்னிக்கொண்டு பஞ்சு பறந்தது. இரண்டு பேரும் சிற்றுந்தில் ஏறிக் கடைசி இருக்கையில் உட்கார்ந்தார்கள்.

"முழுங்கியிருக்கலாம் நான்," என்றான் தாலாய்.

"தெரியும்."

"பின்ன எப்படி நம்பினீங்க?"

"நம்பல. வேற ஆள் கிடைக்கல."

அவன் சிரிக்கப் பார்த்து முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். இரண்டு நிறுத்தம் போனது. பிறகு திரும்பினான். கையை உயர்த்தி, ஒரு சொல், ஒரு நிறுத்தம் என்று ஆரம்பித்தான். அவனுக்கும் அந்த வியாதி ஒட்டியிருந்தது.

"ரௌஷான் அக்கா... உங்களைப் பத்தி... கேட்டாங்க."

"என்ன கேட்டா?"

"பெகிமாய்க்கு... எம்மேல... என்ன கோபம்னு."

பெகிமாய் அவன் கையையே பார்த்தாள்.

"மூணு தடவை கேட்டாங்க. முன்ன மாதிரி... ஒரு கதைகூட... அவ பேசறதில்லையேன்னு. நீங்க அவங்களை... வெறுத்துட்டீங்கன்னு நினைச்சுத்தான்... நிறுத்திக்கலாம்னு சொன்னாங்க. கடைப்பையன் சொன்னான். நான் அது... வியாபாரம் இல்லையேன்னு..."

விட்டுவிட்டான். பொய் எதுவும் அவன் சொல்லவில்லை. சரக்கை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை வழியிலேயே இறக்கிவைத்துவிட்டான், அவ்வளவுதான். அந்தக் கடைப்பையனும் அதையேதான் செய்திருப்பான். பெகிமாய் பாடுபட்டு அனுப்பிய கேலி ஒவ்வொன்றும் அல்மாத்தியில் ஒரு 'சரி'யாகப் போய் இறங்கியிருக்கும். மூன்று மாதம் இரண்டு பெண்கள் ஒருத்தியை ஒருத்தி இழந்துவிட்டதாக நினைத்துத் தனித்தனியாகத் தேநீர் குடித்திருக்கிறார்கள். பெகிமாய்க்குக் கோபம் வந்தது, அழுகையும் வந்தது. எதை முதலில் செய்வது என்று தெரியாமல் அவன் தோளில் ஓர் அடி வைத்தாள்.

"வேற என்ன சொன்னா? எல்லாத்தையும் சொல்லு."

"நிறைய... அக்கா. அவங்க வீட்டுக்காரர்... புதுசா வாங்கின..."

அவள் அவனுடைய மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள்.

"வேகமா சொல்லுடா. இங்க யாரும் காசு கேக்கல."

தாலாயின் கைகள் ஒரு கணம் திகைத்தன. பிறகு அவன் அம்மா பேசுகிற வேகத்துக்குத் தாவின. ரௌஷானின் கணவன் வாங்கிய மோட்டார் சைக்கிள், அது அவனைக் குப்புறத் தள்ளின கதை, எல்லைச் சுங்க அதிகாரிக்குக் கோட்டு சிறியதாகப்போய் பொத்தான் பறந்த கதை. மூன்று மாதத்துக் கதைகள், சின்னச் சொற்களோடு, கிண்டலோடு, இடுக்கு இல்லாமல் வந்தன. பெகிமாய் சிரித்த சிரிப்புக்கு முன் இருக்கைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தன் சிரிப்பு எவ்வளவு சத்தம் என்று அவளுக்கு எந்தக் காலத்தில் தெரிந்தது.

அவர்களுடைய நிறுத்தம் வந்தது. தாலாய் எழுந்து கதவைக் காட்டினான். பெகிமாய் எழவில்லை. பையைத் திறந்து பார்த்தாள். காலையில் மண்டப வாசலில் காட்டிய அடையாள அட்டை உள்ளேயே இருந்தது, எல்லை தாண்ட அது போதும். சிற்றுந்தின் கடைசி நிறுத்தம் வெளியூர்ப் பேருந்து நிலையம். அங்கிருந்து அல்மாத்திக்கு மணிக்கு ஒரு வண்டி.

"நீ இறங்கிக்க," என்றாள். "நான் அவகிட்ட நேர்ல பேசிட்டு வரேன்."